அம்மா வளையலைக் கழட்டிக் கொடுத்துட்டாங்க. இது பலியா, பறிகொடுத்ததா?

அகரம்_சந்துவாசி | ஞாயிறு இரவு 9:40

நாலஞ்சு வருஷமா படிச்சுட்டு மட்டும் போறவன். முதல் தடவையா எழுதுறேன், அதுவும் கோபத்துல. பொறுத்துக்குங்க.

பெரம்பூர் பக்கம் அகரம். பெருங்குடியில நைட் ஷிஃப்ட். அப்பா தவறி மூணு வருஷம் ஆகுது. போன வாரம் ஞாயிறு காலைல வந்து படுத்தவன் மதியம் எழுந்து பார்த்தா அம்மா கை மொட்டையா இருக்கு. ரெண்டு கைக்கும் சேர்த்து நாலு பவுன் வளையல். நான் பிறக்குறதுக்கு முன்னாடியே அந்தக் கையில இருந்தது. குளிக்கும்போதுகூடக் கழட்டினதில்ல. கேட்டா, "கோயில் கட்டட நிதிக்குக் குடுத்துட்டேன்பா, தோசைக்கு என்ன தொட்டுக்குற?"ன்னு ஒரே மூச்சுல சொல்றாங்க.

அன்னிக்குப் பிரசங்கம் ரோமர் 12:1, உங்க சரீரத்தையே ஜீவபலியா ஒப்புக்கொடுங்கங்கிற வசனம். முடிவுல தாவீது ராஜா பலி குடுக்க அர்வனாங்கிறவனோட போரடிக்கிற களத்தை விலை குடுத்து வாங்கின கதை. விலை கொடுக்காத ஆராதனை ஆராதனையே இல்லன்னு சொல்லி முடிச்ச கையோட காணிக்கைப் பையை அனுப்பியிருக்காங்க.

உண்மையைச் சொல்லிடறேன். அந்த வளையல் என் பொண்ணுக்குன்னு நான் மனசுக்குள்ள வச்சிருந்தேன். மூணாவது படிக்கிறா. இன்னொரு கூத்து, ரசீது என் பேர்ல போட்டிருக்காங்க. சபை ரிஜிஸ்டர்ல அப்பாவுக்கு அப்புறம் குடும்பத் தலைவர் நானாம். எனக்கே தெரியாம நான் குடுத்த மாதிரி.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இதுதான் பலியா? முழு இருதயத்தோட ஆராதிக்கிறதுன்னா வீட்டைக் காலி பண்றதா?

சும்மா_கேக்குறேன் | ஞாயிறு இரவு 9:52

இதுல கேள்வியே இல்ல நண்பா. பறிகொடுத்ததுதான்.

மாற்கு 12ல ஏழை விதவை ரெண்டு காசு போட்ட கதையை எல்லாச் சபையிலயும் கட்டட நிதி வசூலுக்கு இழுத்துட்டு வருவாங்க. அதுக்கு நேர் முன்னாடி என்ன இருக்குன்னு யாரும் வாசிக்கிறதில்ல. 40ஆம் வசனம்: வேதம் போதிக்கிற வேதபாரகர் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறாங்க, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்றாங்க. அடுத்த காட்சியிலயே ஒரு விதவை தன் ஜீவனத்துக்கு இருந்ததை எல்லாம் பெட்டியில போடுறா. அதுக்கு அடுத்த அதிகாரம் முதல் ரெண்டு வசனம்: இந்தக் கட்டடத்துல ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதுன்னு இயேசு சொல்றார். கி.பி. 70ல அந்த ஆலயம் இடிஞ்சே போச்சு. அவ போட்ட ரெண்டு காசு எந்தக் கட்டடத்துக்குப் போச்சுன்னு யோசிங்க.

அவர் அவளைப் பாராட்டினார்னு எல்லாரும் சொல்றீங்க. "நீங்களும் போய் இப்படிச் செய்யுங்க"ன்னு அங்க எங்க இருக்கு?

ராயபுரத்து_லில்லி | ஞாயிறு இரவு 10:15

சும்மா_கேக்குறேன் தம்பி, நீங்க சொன்ன வசன வரிசை சரிதான், நானும் கவனிச்சிருக்கேன். ஆனா அந்த விதவையை ஏமாந்தவளா மட்டும் பார்த்தா அவளுக்கு இருந்த ஒரே மரியாதையையும் நாம பிடுங்கிக்கிறோம். அத்தனை கூட்டத்துல இயேசு தலை நிமிர்ந்து பார்த்தது அவளை. சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டினது அவளை.

அகரம் தம்பி, அம்மா அழுதாங்களா, சிரிச்ச முகமா இருந்தாங்களா? அதைச் சொல்லலையே நீங்க.

அகரம்_சந்துவாசி | ஞாயிறு இரவு 10:21

அழலக்கா. அதான் எனக்கு இன்னும் கடுப்பு.

கணக்கு_வழக்கு | ஞாயிறு இரவு 10:48

வேதாகம விவாதத்தை மத்தவங்க பார்த்துக்கட்டும். நான் ஆறு வருஷம் ஒரு சபையில பொருளாளரா இருந்தவன், அந்த அனுபவத்துல சொல்றேன். நகை காணிக்கையா வந்தா அன்னிக்கே எடை போட்டு, ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோட கணக்குல ஏத்தணும். ரசீதுல "வளையல் 4"னு மட்டும் இருக்கா, கிராம் கணக்கு இருக்கா? எடை இல்லாத ரசீது செல்லாத காசு மாதிரி. முதல்ல அதைப் பாருங்க. வித்தா எவ்வளவுக்கு வித்தாங்கன்னு கேக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு. கேட்டா விசுவாசம் குறைஞ்சுடாது.

நம்ம ஊர்ல கணக்கு கேக்குறவனைத்தான் முதல்ல யூதாஸ்னு சொல்லுவாங்க. பணப்பையை வச்சிருந்தவன்தான் யூதாஸ், கேட்டவன் இல்ல.

சும்மா_கேக்குறேன் | ஞாயிறு இரவு 10:50

கடைசி வரிக்கு ஒரு கும்பிடு சார்.

மூக்குத்தி | ஞாயிறு இரவு 11:30

தலைப்பைப் பார்த்ததும் உள்ள வந்துட்டேன். எங்க வீட்டுக் கதை வேற மாதிரி.

நாங்க பெந்தெகொஸ்தே. எங்க சபையில நகை போடக் கூடாது. பாட்டி ஞானஸ்நானம் எடுத்தப்போ அவங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு. மூக்குத்தியைக் கழட்டுன்னு சொன்னாங்க, கழட்டினாங்க. அந்த ஓட்டை கடைசி வரைக்கும் தூரல. சாட்சி சொல்லும்போதெல்லாம் எங்க தாத்தா, "கர்த்தருக்காக எங்க வீட்டுப் பொன்னை எல்லாம் விட்டோம்"னு சொல்லுவார். "விட்டோம்" அவர் வாய்ல சுலபமா வரும். அவர் கைக்கடிகாரத்தை யாரும் கழட்டச் சொல்லலையே.

பாட்டி ஒரு தடவைகூட அதைச் சாட்சியா சொன்னதில்ல. வருத்தப்பட்டும் பேசினதில்ல. அவங்க மனசுல அது பலியா இருந்துச்சா, வெறும் கட்டளையா இருந்துச்சான்னு கேக்காமலே அனுப்பி வச்சுட்டோம். இந்தப் பேர்ல இங்க எழுதுறதுக்குக் காரணம் அதுதான்.

அம்மா இருக்காங்க இல்ல? கேளுங்க. நீங்க எங்ககிட்ட கேக்குறதை அவங்ககிட்ட கேளுங்க.

மயிலை_மாடவீதி | திங்கள் காலை 6:10

நான் கிறிஸ்தவன் இல்லை. காலையில் நடைப்பயிற்சி முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து இந்த இழையை முழுசாகப் படித்தேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, வேண்டுதலை வேண்டிக்கொண்டவர்தான் நிறைவேற்ற வேண்டும். நேர்ந்துகொண்டது அம்மா என்றால் மொட்டை போட்டுக்கொள்வது பிள்ளையாக இருக்கும், அது வேறு கதை! என் தலை மூன்று முறை அப்படிப் போயிருக்கிறது, ஒரு முறையும் என்னைக் கேட்டதில்லை. இதற்கு உங்கள் பக்கத்தில் ஏதாவது சொல் உண்டா?

ராயபுரத்து_லில்லி | திங்கள் காலை 7:02

பொருத்தனைன்னு சொல்லுவோம் சார். வேளாங்கண்ணிக்கு நாங்களும் மொட்டை போடுறோம், இதுல நாம எல்லாரும் ஒரே சந்துக்காரங்கதான். பெசன்ட் நகர் கோயில் கொடியேத்தம் ஆகஸ்ட் 29, திருநாள் செப்டம்பர் 8. அந்த நாள்ல காவி கட்டி நடந்து வர்றவங்கள்ல உங்க மக்களும் நிறைய இருப்பாங்க.

பிள்ளை தலையை அம்மா நேர்ந்துக்கிறது பத்தி நீங்க விளையாட்டாச் சொன்னீங்க. பைபிள்ல அது விளையாட்டா இல்ல. நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரம், யெப்தா. ஜெயிச்சு வந்தா என் வீட்டு வாசல்ல இருந்து எது எதிர்கொண்டு வருதோ அதைத் தகனபலியாத் தர்றேன்னு வாய் விட்டான். மகள் மேளத்தோட ஆடிக்கிட்டு வந்தா. வார்த்தை அவனோடது, போனது அவ உயிர். அவ ரெண்டு மாசம் தவணை கேட்டு மலைக்குப் போய் அழுதா. எங்க பங்குல இந்த வாசகம் வந்தா பீடத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமா இருக்கும்.

பெயரில்லாப்_பறவை | திங்கள் காலை 7:40

பிரைஸ் தி லார்ட். அம்மா பரலோகத்தில் பொக்கிஷம் சேர்த்திருக்கிறார். மகன் பூமியில் கணக்குப் பார்க்கிறார். காணிக்கையில் வஞ்சகம் செய்து செத்து விழுந்த அனனியா சப்பீராள் முடிவை நினைத்துக்கொள்ளவும்.

நிர்வாகி | திங்கள் காலை 8:05

பெயரில்லாப்_பறவை, கேள்வி கேட்டவரைச் சாவைக் காட்டி மிரட்டுவது இந்தக் களத்தில் கிடையாது. ஒரு முறை எச்சரிக்கை. மற்றவர்கள் தொடருங்கள்.

புரசை_பழைய_வாத்தியார் | திங்கள் மதியம் 2:30

அகரம் தம்பிக்கு,

காலையிலிருந்து இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் லேவியராகமம் நடத்தியவன் நான். பைபிளில் பலி முறைகளைச் சொல்கிற, பிள்ளைகள் கொட்டாவி விடும் புத்தகம், எனக்கு மட்டும் அதில் ஒரு பைத்தியம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அனனியா விஷயம். அப்போஸ்தலர் 5:4இல் பேதுரு அவனிடம் சொல்வதை நம் ஆட்கள் தாண்டிப் போகிறார்கள். விற்குமுன் அது உன்னுடையதாக இருந்தது, விற்ற பிறகும் அது உன் வசத்தில்தானே இருந்தது என்கிறார். கொடுக்காதது குற்றம் இல்லை, கொடுத்ததாகப் பொய் சொன்னதுதான். பறவையார் ஒருமுறை எடுத்து வாசிக்கட்டும்.

இனி பலி. சர்வாங்கம் என்றால் எல்லா அங்கமும். மிருகம் முழுவதும் எரிந்து புகையாகப் போவது சர்வாங்க தகனபலி. ஆனால் லேவியராகமத்தில் பலி ஐந்து வகை, மிருகம் பலிபீடத்தில் அப்படி முழுசாக எரிவது இது ஒன்றுதான். அதிலும் தோல் ஆசாரியனுக்கு (7:8). "சர்வாங்கம்தான், ஆனால் தோல் மட்டும் ஐயருக்கு" (சபை குருவை நாங்கள் ஐயர் என்போம்) என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு விழித்துக்கொள்ளும். சமாதானபலிக்கு வாருங்கள். கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மீதி கொண்டுவந்தவன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியது. ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தியது என்றால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், விடியும்வரை மிச்சம் வைக்கக் கூடாது (7:15). ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் ஒரு வீடு தின்ன முடியுமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பலி என்றாலே இழப்பு என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அது பாதி நாள் விருந்து.

நான் பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்லும் இடம் 1:4, 5. பலி கொண்டுவந்தவன் தன் கையை மிருகத்தின் தலைமேல் வைக்க வேண்டும். கொல்லுவதும் அவன்தான். இரத்தத்தை எடுத்துத் தெளிப்பதிலிருந்துதான் ஆசாரியன் வேலை. நீ தொடாததை நீ கொடுக்க முடியாது. அப்புறம் எதைக் கொண்டுவரலாம்? மிருகம் என்றால் மாட்டிலும் ஆட்டிலும்தான். வேட்டையில் கிடைத்த மானை வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம், உபாகமம் 12 அனுமதிக்கிறது. பலிபீடத்துக்கு அது ஆகாது. காரணம் எழுதியில்லை. எனக்குத் தோன்றுவது இது: காட்டு மானை யாரும் வளர்க்கவில்லை, அதற்குப் புல் அறுத்துப் போடவில்லை, இரவில் எழுந்து பார்க்கவில்லை. யாருடையதும் இல்லாததை எப்படிக் கொடுப்பது?

இந்தக் கண்ணோடு அர்வனா கதையை வாசியுங்கள். 2 சாமுவேல் 24. களத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மாடு இருக்கிறது, போரடிக்கிற உருளையும் நுகத்தடியும் விறகுக்கு ஆகும் என்று எல்லாவற்றையும் சும்மா தரத் தயாராக நிற்கிறான் அவன். ராஜா வேண்டாம் என்கிறான். களத்துக்கும் மாட்டுக்கும் 50 சேக்கல் வெள்ளி கொடுக்கிறான். 1 நாளாகமம் 21இல் அந்த இடத்துக்கு 600 சேக்கல் பொன் என்று இருக்கிறது, அந்தக் கணக்குச் சண்டை இங்கே வேண்டாம். பிரசங்கத்தில் நாம் "விலை"யைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். எனக்கு அங்கே கேட்பது "யாருடையது" என்பது. கொள்ளைநோய் வந்தது தாவீது செய்த தப்பினால். அதற்கு இன்னொருவன் மாட்டை வெட்டி நான் நல்ல பெயர் வாங்கமாட்டேன் என்கிறான். அதே களத்தில்தான் பிறகு சாலொமோன் ஆலயம் கட்டினான் (2 நாளாகமம் 3:1). உங்கள் சபையின் கட்டட நிதிக்கு இந்தக் கதை ஏன் வந்தது என்று இப்போது புரியும்.

எங்கள் வேப்பேரிப் பக்கத்து உதாரணம் ஒன்று, கொஞ்சம் கசப்பானது. பப்ரிசியஸ் ஐயர் 1742இல் சென்னைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி. தமிழ் வேதாகமத்துக்காகவே வாழ்ந்தார், தமிழ் அகராதிக்கும் உழைத்தார், ஞானப்பாட்டுகளைத் தமிழில் கொண்டுவந்தார். குடும்பம், ஊர், உடம்பு எல்லாவற்றையும் கொடுத்தவர் என்று தாராளமாகச் சொல்லலாம். அவரே பண விஷயத்தில் மாட்டிக்கொண்டு, நம்பிக் கொடுத்தவர்கள் பணமும் போய், வயதான காலத்தில் கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791இல் இறந்தார். தன்னுடையதை எல்லாம் கொடுத்த அதே மனிதர் கையில்தான் மற்றவர்களுடையதும் போனது. அவரை நான் குறைத்துப் பேசவில்லை, அவர் மொழிபெயர்ப்பின் வழிவந்த வேதாகமத்தைத்தான் நாம் இன்றும் வாசிக்கிறோம். ஆனாலும் அந்தப் பகுதியை யாரும் ஞாபகார்த்த ஆராதனையில் பேசுவதில்லை.

கை வலிக்கிறது. இவ்வளவுதான்.

சும்மா_கேக்குறேன் | திங்கள் மாலை 4:12

ஐயா, அப்போ பெத்த மகன் ஈசாக்கைப் பலி குடுக்கப் போன ஆபிரகாம்? ஈசாக்கு யாருடையவன்?

புரசை_பழைய_வாத்தியார் | திங்கள் மாலை 5:00

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். ஆதியாகமம் 22இல் அவனைப் பெற்ற சாராள் பெயரே வராது. 23ஆம் அதிகாரம் அவள் 127 வயதில் இறந்ததோடு தொடங்குகிறது. நடுவில் அவளுக்கு என்ன தெரிந்தது, என்ன சொன்னாள், வேதம் வாயைத் திறக்கவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை, வாத்தியார் வேலையில் இதையும் சொல்லப் பழக வேண்டும். கத்தியை நிறுத்தினது தேவன் என்பதோடு நான் நின்றுகொள்கிறேன்.

நாலாவது_கார்டு | திங்கள் இரவு 11:55

சபையில கீபோர்டு வாசிக்கிறவன். பகல்ல அண்ணா சாலையில ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. வாத்தியார் ஐயா எழுதினதைப் படிச்சுட்டு ரெண்டு மணி நேரமா தூக்கம் வரல.

"முழு இருதயத்தோட ஆராதனை"ங்கிற வார்த்தை எங்க ஏரியா. ஞாயிறு ரெண்டு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், மாசத்துல ஒரு முழு இரவு ஜெபம், அப்புறம் வெளிக் கூட்டங்கள். பதினோரு வருஷம். தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். பாட்டு முடிஞ்சு பாஸ்டர் மெதுவா பேச ஆரம்பிக்கும்போது நாலு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களை, சுத்திச் சுத்தி வாசிப்பேன், நாலாவதை மட்டும் கொஞ்சம் தாமதமா விடுவேன். அந்த இடைவெளியில ஜனங்க கை தூக்கிடுவாங்க, அழ ஆரம்பிப்பாங்க. என் பேரு அதுல இருந்து வந்ததுதான். எல்லாமே ஏமாத்துன்னு சொல்ல வரல. நானும் அந்த இடத்துல நிஜமாவே அழுதிருக்கேன். ஆனா கார்டை மாத்தினது நான்தான்னு என் விரலுக்குத் தெரியும்.

போன மாசம் மகனோட பிறந்தநாள் வெள்ளிக்கிழமை. கூட்டம் முடிஞ்சு ஆட்டோ பிடிச்சு வந்தா மணி பதினொண்ணரை. கேக்கை ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தாங்க, பையன் தூங்கிட்டான். அடுத்த ஞாயிறு மேடையில என்னைக் கூப்பிட்டு, குடும்பத்தையே பலியாக் கொடுத்து ஊழியம் பண்ற சகோதரன்னு சொல்லிக் கை தட்ட வச்சாங்க. எல்லாரும் தட்டினாங்க, என் மனைவி தட்டல. அப்போ கோபம் வந்துச்சு. இன்னிக்கு வாத்தியார் எழுதினதைப் படிச்சதும் அவ ஏன் தட்டலன்னு உறைச்சுது. அர்வனாவோட மாட்டை ஓட்டிட்டுப் போய் வெட்டிட்டு வந்தவன் நான். அந்தப் பதினோரு வருஷத்து வெள்ளிக்கிழமை என்னோடது இல்ல. யாரையும் கேட்டு எடுக்கல.

மாற்கு 7ல இதுக்குப் பேரே இருக்குன்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சு. கொர்பான். உங்களுக்குச் சேர வேண்டியதைக் காணிக்கையாக் கொடுத்துட்டேன்னு அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டுக் கையை விரிக்கிறது. அதை எத்தனையோ தடவை பிரசங்கத்துல கேட்டிருக்கேன், பின்னணி வாசிச்சுக்கிட்டே.

ராயபுரத்து_லில்லி | செவ்வாய் காலை 6:45

நாலாவது தம்பி, இந்த வெள்ளி வீட்டுல இருங்க. கீபோர்டு இல்லாம பாடினா ஆண்டவருக்குக் காது கேக்காதா என்ன?

எங்க கத்தோலிக்கக் கோயில்ல வாசிக்கிற திருவிவிலியத்துல (1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு) ரோமர் 12:1 முடிவு "இதுவே நீங்கள் செய்யும் உள்ளார்ந்த வழிபாடு"ன்னு இருக்கு. உங்க பழைய மொழிபெயர்ப்புல "புத்தியுள்ள ஆராதனை". நான் சின்ன வயசுல எதிர் வீட்டு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) பிள்ளைங்க சொல்லிக் கேட்டு, புத்தியுள்ள ஆராதனைன்னா என்னடா, புத்தி கெட்ட ஆராதனைன்னு ஒண்ணு இருக்கான்னு சிரிச்சிருக்கேன். இருக்கு போலிருக்கே.

திருப்பலியில அப்பத்தைத் தூக்கி ஒப்புக்கொடுக்கும்போது குருவானவர் சொல்ற ஜெபம், இது நிலத்தின் விளைவு, மனித உழைப்பின் பயன், உம்மிடம் இருந்தே பெற்றோம்ங்கிற மாதிரி வரும். எங்க அப்பா கடலுக்குப் போனவர். அந்த இடம் வந்தா குனிஞ்சு தன் உள்ளங்கையைப் பார்த்துக்குவார். வலை இழுத்துக் காய்ச்சுப்போன கை. பூசை முழுக்கத் தூங்கினாலும் அந்த இடத்துக்கு முழிச்சிருப்பார்.

ஆவடி_ஆச்சி_பேரன் | செவ்வாய் காலை 10:20

எங்க பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், இப்ப ஆவடி. பிடி அரிசி பத்தி யாரும் பேசலையே?

உலை வைக்க அரிசி அளந்ததும் அதுல இருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போட்டுருவாங்க. மாசக் கடைசியில கோயிலுக்குப் போகும். நெல்லைப் பக்கம் பொம்பளைங்க நடத்தின ஊழியம்னே இதைச் சொல்லலாம். 1903ல பாளையங்கோட்டையில அசரியா முதலானவங்க இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சப்போ, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்ம ஆள், நம்ம காசுன்னுதான் ஆரம்பிச்சாங்க. அசரியா 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப் ஆனார், அது எல்லாருக்கும் தெரிஞ்சது.

எனக்குச் சின்ன வயசுல ஒரு சந்தேகம். ஒரு பிடியை எடுத்துட்டா சோறு குறையுமே, யாருக்குக் குறையுதுன்னு. ஒரு நாள் கவனிச்சுப் பார்த்தேன். தாத்தாவுக்குக் குறையல, எனக்குக் குறையல. ஆச்சி கடைசியா உட்கார்ந்து சட்டியை வழிச்சு நீராகாரத்தை ஊத்திக் குடிச்சுட்டு எந்திரிச்சாங்க. கோயில்ல "இன்னார் குடும்பம், பிடி அரிசி இத்தனை படி"ன்னு தாத்தா பேரை வாசிப்பாங்க.

மூக்குத்தி | செவ்வாய் காலை 10:31

தாத்தா பேரை!

கணக்கு_வழக்கு | செவ்வாய் காலை 11:05

ரிஜிஸ்டர் குடும்பத் தலைவர் பேர்ல இருக்கும், சந்தாவும் அந்தப் பேர்லதான் எழுதுவாங்க, அதனால ரசீது தன்னால அப்படி வந்துடுது. கெட்ட எண்ணம் இல்ல, பழக்கம். நானே ஆறு வருஷம் அப்படித்தான் எழுதினேன். அறுப்பின் பண்டிகையில காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது மட்டும்தான் யார் கை தூக்குறாங்களோ அவங்க பேரு. ஒரு முட்டையை முந்நூறு ரூபாய்க்கு எடுத்துட்டு ஒரு பாட்டி மேடைக்கு வந்து தன் பேரைச் சத்தமா சொல்லிட்டுப் போச்சு. மைக் தேவைப்படல.

மயிலை_மாடவீதி | செவ்வாய் மாலை 6:30

அகரத்துக்காரர் எங்கே? அம்மாவிடம் கேட்டாரா?

அகரம்_சந்துவாசி | புதன் காலை 9:15

கேட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தேன், தூங்கறதுக்கு முன்னாடி எழுதிடறேன்.

நேத்து மதியம் கீரை ஆய்ஞ்சுகிட்டு இருந்தாங்க. பக்கத்துல உட்கார்ந்து, ஏம்மா குடுத்த, பிரசங்கத்துல அவர் பேசினதாலயான்னு கேட்டேன். பிரசங்கம் பாதியில தூங்கிட்டேன்னாங்க. பொருத்தனை ஏதாவது வச்சிருந்தியான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லன்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேசல. நானும் ரெண்டு கட்டு கீரை ஆய்ஞ்சு குடுத்தேன்.

அப்புறம் அவங்களே ஆரம்பிச்சாங்க. "நாப்பது வருஷமா பையில காணிக்கை போட்டுக்கிட்டுதான் இருக்கேன். வாசல்ல நிக்கும்போது உங்கப்பா சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுப்பாரு, நான் போடுவேன். இப்ப நீ குடுக்குற, போடுறேன். வீடு அவர் பேர்ல இருந்துச்சு, இப்ப உன் பேர்ல. பென்ஷன் அவரோடது. அந்த வளையல் எங்கம்மா போட்டது. வாழ்க்கையில என்னோடதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. என் கையால ஒரு தடவை குடுக்கணும்னு தோணுச்சு."

பேத்திக்கு வேணாமான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அவளுக்கு நீ சம்பாதிச்சுப் போடு. அது உன்னோடது"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

ஐயா, நீங்க கை வைக்கிறது பத்தி எழுதினீங்க. அம்மா குளிக்கும்போதே கழட்டாதது, அன்னிக்குச் சோப்பு போட்டு இழுத்துக் கழட்டியிருக்காங்க. மணிக்கட்டுக்கு மேல இன்னும் கன்னிப் போயிருக்கு. ஒரு வாரமா எனக்கு அது தெரியல, வளையல் இல்லாததுதான் தெரிஞ்சது.

சும்மா_கேக்குறேன் சொன்னதும் என் தலையை விட்டுப் போகல. அந்தப் பிரசங்கம் நடந்தவிதம் எனக்கு இப்பவும் பிடிக்கல. விதவைங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல அப்படிப் பேசிட்டுப் பையை அனுப்பக் கூடாது. அம்மா தூங்கிட்டாங்க, தூங்காம கேட்டுட்டுப் பயந்து குடுத்தவங்க எத்தனை பேரோ.

சும்மா_கேக்குறேன் | புதன் காலை 9:40

என் கேள்வியை நான் வாபஸ் வாங்கல. ஆனா அம்மாகிட்ட ஒரு வணக்கம் சொல்லுங்க.

கணக்கு_வழக்கு | புதன் காலை 10:02

ரசீதுல எடை இருக்கா?

அகரம்_சந்துவாசி | புதன் மதியம் 3:50

இருக்கு சார், 32 கிராம் சொச்சம், ரெண்டு கையெழுத்தும் இருக்கு. இப்பதான் எழுந்து எடுத்துப் பார்த்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்கிப் படிச்சாங்க. இத்தனை நாள் மடிச்சபடியே பைபிளுக்குள்ள வச்சிருந்திருக்காங்க, படிக்கவே இல்ல. படிச்சதும் முகம் மாறிடுச்சு.

"இது என்னடா, உன் பேரு போட்டிருக்கு?"

ஞாயிறு ரெண்டாவது ஆராதனைக்கு முன்னாடி ஆபீஸ் திறந்திருக்குமாம். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம நேரா கோயிலுக்கு வரச் சொல்லியிருக்காங்க. பேரை மாத்தி எழுத வைக்கணுமாம், இனிஷியலோட.

நாலாவது_கார்டு | புதன் மாலை 5:15

எந்த இனிஷியல்? உங்க அப்பாவோடதா, தாத்தாவோடதா?

அகரம்_சந்துவாசி | புதன் மாலை 5:20

அவங்க அம்மாவோடது போடலாமான்னு கேக்குறாங்க.